டேங்குக்கு அடியில் இருக்கும் மண்

தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பக்கம் மண் மாதிரி எடுப்பது யாருக்கும் புதிதல்ல. தென்னையும் இலவமும் வைத்திருக்கும் எந்தச் சம்சாரியைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். வரப்போரம், எருக்குழி, மரத்தடி, வாய்க்கால் கரை இவற்றை விட்டுவிட வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு ‘வி’ எழுத்து வடிவில் குழி வெட்ட வேண்டும். நெல், பயறு என்றால் 15 செ.மீ. ஆழம் போதும், தென்னைக்கு இன்னும் ஆழம் வேண்டும். குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவி எடுத்து, வயலில் பத்துப் பன்னிரண்டு இடத்து மண்ணைச் சாக்கில் கொட்டிக் கலக்க வேண்டும். நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடியும் கலந்து, மறுபடியும் பிரித்து, அரைக் கிலோ மிஞ்சும்போது நிறுத்திக்கொள்ளலாம். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, பெயரும் சர்வே எண்ணும் எழுதிப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மண்வள அட்டைத் திட்டம் 2015இல் வந்த பிறகு இந்தப் பழக்கம் இன்னும் பரவியது.

அருமையான முறை. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் காற்றில் பறந்து போவதில்லை; வயலின் சராசரிதான் சம்சாரிக்கு வேண்டும்; கலக்கக் கலக்க அந்தச் சராசரி துல்லியமாகும்.

இதே கையால் ஒரு பெட்ரோல் பங்க்கின் மண்ணை எடுத்தால் முடிவு பொய்யாகிவிடும். கலக்கும்போதே பெட்ரோலில் ஒரு பகுதி கிளம்பிவிடும். நிழலில் உலர்த்தினால் மீதியும் போகும். துணிப்பை எதையும் பிடித்து வைக்காது. பத்து இடத்து மண்ணைச் சேர்த்தால், ஒரே ஒரு இடத்தில் ஊறிக் கிடக்கும் எண்ணெய் மற்ற ஒன்பது இடத்து நல்ல மண்ணோடு சேர்ந்து கரைந்து காணாமல் போகும். பங்க் மண்ணில் சராசரி யாருக்கும் தேவையில்லை. எங்கே கசிந்தது, எவ்வளவு ஆழம் போனது, கிணற்றை எட்டியதா என்பதுதான் கேள்வி. விவசாயத்துக்குச் சரியான ஒவ்வொரு படியும் இங்கே தவறு என்பதை முதலில் ஏற்றுக்கொண்டால்தான் மேலே பேச முடியும். வருசநாட்டில் எந்தப் பங்க்காவது கசிந்தது என்ற குற்றச்சாட்டோடு இதை எழுதவில்லை. கசிந்திருந்தால் அது எப்படித் தெரியும், தெரிந்ததாக யார் சொன்னால் நம்பலாம் என்பதே இங்கே விஷயம்.

கசிவின் அளவை நாம் பெரும்பாலும் தப்பாகவே மதிப்பிடுகிறோம். டேங்க் உடைந்து ஆறாக ஓடினால் அது செய்தி. ஒரு குழாய் இணைப்பில் நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் யார் கண்ணிலும் படாது. இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 4 லிட்டரைத் தாண்டும். மாதத்துக்கு 130 லிட்டர். மாதம் 1 லட்சம் லிட்டர் விற்கும் பங்க்கில் இது ஆயிரத்துக்கு ஒன்றேகால். காலையில் டிப் ராடு விட்டு அளக்கும்போது இது தனியாகத் தெரியவே தெரியாது. காரணம், பெட்ரோல் சூட்டுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும்; 10,000 லிட்டர் இருப்பில் ஒரு டிகிரி மாறினாலே ஏறக்குறைய 10 லிட்டர் கூடும் அல்லது குறையும். ஆவியாகப் போவது வேறு. டேங்குக்குள் தானாக அளக்கும் கருவி வந்த பிறகு நிலைமை தேவலை. ஆனாலும் டேங்கை விட்டு வெளியேறிப் பம்ப்புக்குப் போகும் குழாயின் கசிவை டேங்க் கருவி நேரே காட்டாது. லோடு இறக்கும்போது ஹோஸைக் கழற்றுகையில் சிந்துகிற அரை லிட்டரையும் அது காட்டாது. வருடக்கணக்காக அந்த அரை லிட்டர் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருக்கும். உலகம் முழுக்கத் தோண்டிப் பார்த்தவர்களின் அனுபவம் ஒன்றுதான்: டேங்கின் வயிற்றைவிட, லோடு ஊற்றும் வாய், பம்ப்பின் அடி, குழாய் இணைப்பு இந்த மூன்று இடங்களில்தான் மண் அதிகம் கெட்டிருக்கும்.

கெட்டால் என்ன? பெட்ரோலில் பென்சீன் என்றொரு சாமான் இருக்கிறது. ரத்தப் புற்றுநோயை வரவழைக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்டது. பிஎஸ்-6 தரப் பெட்ரோலில் கன அளவில் 1 சதவீதம் வரை அது இருக்கலாம். அப்படியானால் ஒரு லிட்டர் பெட்ரோலில் பென்சீன் 10 மில்லி, எடையில் 8.8 கிராம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. வகுத்துப் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலின் பென்சீன் 8.8 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் எழுபத்து மூன்று நடை. நடைமுறையில் அவ்வளவும் நிலத்தடிநீருக்குப் போய்ச் சேராது. கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சத்தை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஆனாலும் மாதம் 130 லிட்டர் என்ற கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயத்தின் எடை புரியும்.

எத்தனால் வேறு சேர்ந்துகொண்டது. இப்போது நாம் போடும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான். மண்ணுக்குள் போனதும் நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத்தான் தின்கின்றன. தின்று முடிப்பதற்குள் அங்கிருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. பென்சீனைச் சிதைக்க ஆளில்லாமல் அது இன்னும் தூரம் நகர்கிறது. பல பத்தாண்டாக எத்தனால் ஓட்டும் பிரேசிலில் 1990களிலேயே ஆய்வாளர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள். எத்தனால் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. கண்காணிப்புக் கிணறு பங்க்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்ற பழைய கணக்கு மாறிவிட்டது.

வருசநாட்டில் பெட்ரோல் எங்கே போகும் என்பது தனிக் கதை. இது மூல வைகை பிறக்கும் மலையடிவாரம். வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு என்று ஆற்றை ஒட்டியே ஊர்கள். வருசத்தில் பெரும்பகுதி ஆற்றில் மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடும். அந்த மணலில் உறைகிணறு இறக்கித்தான் ஊர்களுக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். ஆற்றிலிருந்து தள்ளிப் போனால் நிலம் வேறு. கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும்: முதலில் செம்மண், பிறகு சரளை, பிறகு கடப்பாறைக்கு உதிரும் மக்கிய பாறை, அதற்குக் கீழே வெடி வைத்தால்தான் பேசும் பாறை. சார்னோகைட்டும் நைஸும். அந்தக் கடும் பாறைக்குள் தண்ணீர் வெடிப்புகளில் மட்டும் நிற்கும். வெடிப்பு மாட்டினால் போரில் தண்ணீர், இல்லாவிட்டால் புழுதி.

பெட்ரோல் இந்த இரண்டு நிலத்திலும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஆற்று மணலில் சரசரவென்று இறங்கி, தண்ணீரைவிட லேசானது என்பதால் நீர்மட்டத்தின் மேல் மிதந்து பரவும். நீர்மட்டம் கோடையில் இறங்கும்போது கூடவே இறங்கி, மழையில் ஏறும்போது மணலுக்குள் பூசிக்கொண்டே ஏறும். அதனால் ஒரு பருவத்தில் சுத்தமாகத் தெரிந்த ஆழம் அடுத்த பருவத்தில் நாறும். பாறை நிலத்தில் சங்கதி வேறு. மக்கிய பாறையைக் கடந்து ஒரு வெடிப்பைப் பிடித்துவிட்டால், பக்கத்து மண்ணை நனைக்காமலேயே போய்விடும். டேங்குக்கு அரை மீட்டர் தள்ளித் தோண்டி எடுத்த மண் கண்ணாடி போலச் சுத்தமாக இருக்கும். முன்னூறு அடி தள்ளி இருக்கும் போரில் பெட்ரோல் வாடை வரும். சமவெளி நாடுகளின் கையேட்டைப் பார்த்து நான்கு மூலையில் நான்கு குழி தோண்டி ‘மண்ணில் எதுவும் இல்லை’ என்று எழுதுவது இந்த ஊருக்குச் செல்லாது. இங்கே மண் மாதிரி பாதி ஆதாரம். மீதிப் பாதி போர்த் தண்ணீரில்.

இனி மாதிரி எடுக்கும் வேலையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பழைய டேங்கைத் தூக்கிவிட்டார்கள், குழி திறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது; ஆவி தேங்கி நிற்கும், மண் சரியும். பொக்லைன் வாளியால் டேங்கின் இரு முனையும் இருந்த இடத்து அடிமண்ணை வெட்டித் தூக்கி மேலே வைப்பார்கள். வாளியில் தெரிகிற மேற்பரப்பு காற்றுப் பட்ட மண். அதைக் கரண்டியால் ஒரு சாண் சீவித் தள்ள வேண்டும். அதற்குள்ளே இருக்கும் புதுமுகத்தில், முனை வெட்டிய ஊசிக்குழல் ஒன்றைக் குத்தி 5 கிராம் அளவு மண்ணை ஒரு சின்னக் கட்டையாக உருவ வேண்டும். கலக்கவோ பிசையவோ கூடாது. உருவிய கட்டையை அப்படியே 40 மில்லி கண்ணாடிக் குப்பிக்குள் தள்ளுவார்கள். அதில் முன்பே எடை போட்ட மெத்தனால் இருக்கும். மண் மெத்தனாலுக்குள் விழுந்த கணத்தில் பென்சீன் அதில் கரைந்து மாட்டிக்கொள்ளும். குப்பியின் மரையில் ஒரு மணல் பொடி ஒட்டியிருந்தாலும் மூடி சரியாக இறங்காது, அந்த இடுக்கு வழியே எல்லாம் போய்விடும். எனவே மரையைத் துடைத்துவிட்டு மூடி போட வேண்டும். குத்தியதிலிருந்து மூடுவது வரை சில விநாடிகள்தான். பிறகு ஐஸ் பெட்டி.

இந்த முறை வந்த கதை சுவையானது. அமெரிக்காவில் 1984இல் நிலத்தடி டேங்குகளுக்கென்று சட்டப்பிரிவு கொண்டுவந்து, ஊர் ஊராகத் தோண்டத் தொடங்கினார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் வெளியே வந்தன. அந்தக் காலத்தில் மண்ணை அகலவாய்ப் பாட்டிலில் அமுக்கி நிரப்பி, ஐஸில் வைத்து அனுப்புவதுதான் வழக்கம். ஒரே மண்ணை இரண்டு விதமாகவும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள்: பாட்டிலில் போனதில் ஆவியாகும் பொருள்களின் பெரும்பகுதி ஆய்வகத்துக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே போயிருந்தது. 1997இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை மூடிய குப்பி முறையை வெளியிட்டது. அதற்கு முன்பு ‘சுத்தம்’ என்று சான்று வாங்கிப் புல் முளைத்துவிட்ட இடங்கள் எத்தனையோ. இந்தத் துறையில் ஆய்வகக் கருவியைக் குறை சொல்வது வெகு அபூர்வம். தவறு அநேகமாகக் குழி ஓரத்திலேயே நடந்து முடிந்திருக்கும். பியர் ஜி என்ற பிரெஞ்சுக்காரர் காங்கோவில் சுரங்கத் தாதுவை மாதிரி எடுப்பதில் தொடங்கி அரை நூற்றாண்டாக இதையேதான் கணிதமாக எழுதிக்கொண்டிருந்தார். மண்ணை அள்ளும் கூலி ஆள் செய்யும் பிழைக்கு முன்னால் கோடி ரூபாய்க் கருவியின் பிழை ஒன்றுமேயில்லை.

சரி, எடுத்தாயிற்று. எடுத்தது சரியாக எடுக்கப்பட்டது என்று எப்படி நிரூபிப்பது? இங்கேதான் தரக்கட்டுப்பாடு வருகிறது, இங்கேதான் நம் ஊரில் காசு மிச்சம் பிடிப்பார்கள். ஆய்வகத்திலேயே சுத்தமான மெத்தனால் ஊற்றி மூடிய குப்பி ஒன்று, காலிக் குப்பிகளோடு தேனிக்கு வந்து, யாரும் திறக்காமல் மாதிரிகளோடு அதே ஐஸ் பெட்டியில் திரும்பிப் போக வேண்டும். வழிக்குப்பி என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பென்சீன் காட்டினால் பயணத்தில் எங்கோ ஒட்டியிருக்கிறது. ஐஸ் பெட்டியை ஜீப்பில் டீசல் கேனுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அல்லது பங்க்கில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது புகை வரும் திசையில் பெட்டியை வைத்திருப்பார்கள். பட்டை மார்க்கர் பேனாவால் குப்பியில் எழுதினால்கூட மையில் உள்ள டொலுயீன், சைலீன் வகைகள் முடிவுக்குள் நுழைந்துவிடும். பென்சிலோ பால்பாயிண்டோ போதும். நம் வெயிலுக்கு இன்னொரு குப்பி வேண்டும்: வெறும் தண்ணீர் நிரப்பியது, ஆய்வகம் பெட்டியைத் திறந்ததும் முதலில் அதற்குள் வெப்பமானி விட்டுப் பார்ப்பதற்கு. 6 டிகிரிக்கு மேல் இருந்தால் பெட்டி வழியில் சூடாகியிருக்கிறது. வருசநாட்டிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ சென்னைக்கோ போகும் பெட்டியில் ஐஸ் நடுவழியில் உருகுவது பெரிய ரகசியமல்ல. யாராவது ஒருவர் ஆண்டிப்பட்டியில் நிறுத்தி ஐஸ் மாற்ற வேண்டும். அது அவருடைய வேலை என்று தாளில் எழுதியிருக்க வேண்டும்.

இரட்டை மாதிரி என்பது வேறு சங்கதி. அதே இடத்தில், ஒரு விரற்கடை தள்ளி, இன்னொரு கட்டை உருவி, வேறு எண் போட்டு, ஆய்வகத்துக்குச் சொல்லாமல் அனுப்புவது. பத்துக்கு ஒன்று என்ற கணக்கு பரவலாக உண்டு. ஒன்றில் கிலோவுக்கு 2 மில்லிகிராம், இன்னொன்றில் 3 என்று வந்தால் வித்தியாசம் 1, சராசரி இரண்டரை, ஆக 40 சதவீத வேறுபாடு. தண்ணீரில் இது மோசம். மண்ணில் பரவாயில்லை, மண் அப்படித்தான், ஒரு சரளைக்கல் குறுக்கே வந்தாலே போதும். ஆனால் இந்த 40 சதவீதத்தை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டவர், வரம்பு இரண்டரை என்றிருக்கும்போது 2 என்று வந்த முடிவைக் காட்டி ‘தேறிவிட்டது’ என்று சொல்லத் தயங்குவார். தயங்க வைப்பதற்குத்தான் அந்த இரண்டாவது குப்பி. மூன்றாவதாக, தெரிந்த அளவு பென்சீனை ஆய்வகமே ஒரு மாதிரியில் சேர்த்து, சேர்த்தது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. கரிமப்பொருள் மிகுந்த மண்ணில் சேர்த்ததில் பாதிகூடத் திரும்பாமல் போகலாம்.

அறிக்கையை வாசிக்கத் தெரிவதும் ஒரு கலை. ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் பலர். எந்த அளவுக்குக் கீழே கண்டறியப்படவில்லை? ஆய்வகத்தின் கண் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே பார்க்க முடியாது என்றால், 10தான் வரம்பு என்ற இடத்தில் அந்தச் சொல்லுக்கு மதிப்பே இல்லை. நாற்பது இருந்தாலும் அது ‘இல்லை’ என்றுதான் எழுதும். அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கும்: மாதிரியைக் கொடுத்தவர் வாடிக்கையாளர், முடிவுகள் பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். ஆய்வகம் நேர்மையாகச் சொல்லிவிட்டது, குழி ஓரத்தில் நடந்ததற்குத் தான் பொறுப்பில்லை என்று. அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் பின்பற்றும் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரநிலையின் 2017 பதிப்பு மாதிரி எடுப்பதையும் ஆய்வகச் செயல்பாடுகளில் ஒன்றாகவே எண்ணுகிறது. எனவே மாதிரி எடுக்கவும் அங்கீகாரம் உள்ள ஆளை அனுப்பு என்று கேட்க வழியிருக்கிறது. கேட்பவர் குறைவு.

எதைத் தேடுகிறோம் என்பதில் பிழைத்தால் மற்ற அத்தனையும் சரியாக இருந்தும் பயனில்லை. இதற்குத் தமிழர் மண்ணில் நடந்த பெரிய சாட்சி யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். அங்கே அனல்மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் பூமி. பொந்தும் பிளவுமாக இருக்கும், மேலே விழுந்தது வடிகட்டப்படாமல் நேரே கிணற்றுக்கு இறங்கும். குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் அவர்களுக்குக் கிணறு ஒன்றுதான் கதி. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013–14இல் மின்நிலையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றளவில் 150 கிணறுகளைச் சோதித்தது. 109இல் எண்ணெயும் கிரீஸும் அளவுக்கு மீறி இருந்தன. பிறகு வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழு, தண்ணீரில் ஆபத்தான பொருள்கள் இல்லை என்ற முடிவைச் சொன்னது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஒரே ஊர், ஒரே கிணறு. ஒரு தாளில் எண்ணெய் உண்டு, இன்னொரு தாளில் ஆபத்து இல்லை. தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று கேட்ட சாதாரண மனிதருக்கு யார் பதில் சொல்வது?

நான் இதை இப்படிப் பார்க்கிறேன். எண்ணெய்–கிரீஸ் சோதனையில் தண்ணீரைக் கரைப்பான் விட்டுக் குலுக்கி, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சும் பிசுக்கை எடை போடுவார்கள். அது கனமான எண்ணெயைப் பிடிக்கும். பென்சீன் வரிசைச் சோதனை லேசான, பறந்துபோகும் பொருள்களைப் பிடிக்கும். மின்நிலையங்கள் எரிப்பது கனமான எரியெண்ணெய். அதில் பென்சீன் மிகக் குறைவு. எனவே பென்சீன் இல்லை என்ற விடை, எண்ணெய் இல்லை என்ற விடையாகாது. இரண்டு சோதனையும் தத்தம் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஊர்க்காரரின் கேள்வி மூன்றாவதாக இருந்தது. வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஏப்ரல் 4 அன்று வந்த தீர்ப்பு, மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. கிணறு ஒன்றுக்கு 40,000 ரூபாய் வரை, 500 கிணறுகளுக்கு என்று கணக்கு. கிணறு இறைத்துச் சுத்தம் செய்யும் கூலிக்கு ஏதோ தேறும். சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறியதை இறைத்து எடுக்க அந்தக் காசு எந்த மூலைக்கு?

சுன்னாகத்தைத் திருப்பிப் போட்டால் பெட்ரோல் பங்க். இங்கே கசிவது லேசான எண்ணெய். நம் ஊரில் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது என்று புகார் போனால், கைவசம் உள்ள சோதனை பெரும்பாலும் எண்ணெய்–கிரீஸ்தான். பெட்ரோலை அந்தச் சோதனையில் போட்டால், கரைப்பானை ஆவியாக்கும் அடுப்பிலேயே பெட்ரோலும் சேர்ந்து ஆவியாகிவிடும். எடை போட ஒன்றும் மிஞ்சாது. ‘வரம்புக்குள் உள்ளது’ என்று சான்று வரும். மூக்கு பொய் சொல்லாது, தாள் சொல்லும். புகார் கொடுப்பவர் பென்சீன், டொலுயீன், எத்தில் பென்சீன், சைலீன் இந்த நாலையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். டீசல் என்று சந்தேகம் இருந்தால் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பனையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சென்னைத் தண்டையார்பேட்டையில் 2013இல் போர்த் தண்ணீரில் எரிபொருள் வந்தபோது மூக்குக்கே வேலையில்லை, கண்ணுக்கே தெரிந்தது. துறைமுகத்திலிருந்து வந்த பாரத் பெட்ரோலியம் குழாயின் கசிவு அது, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அவ்வளவு வெளிப்படையாக நடக்கும்போது மாதிரி எடுக்கும் நுட்பமெல்லாம் தேவைப்படாது. கிராமத்துப் பங்க்கில் நொடிக்கு ஒரு சொட்டு விழும்போதுதான் தேவைப்படும்.

விதிகள் என்ன சொல்கின்றன? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் புதுப் பங்க்குகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு இவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், முடியாத இடத்தில் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஆவிக்கும் நெருப்புக்கும் இந்தத் தூரம் சரி. பாறை வெடிப்புக்கு 50 மீட்டர் ஒரு பொருட்டல்ல. 2025 ஜூலையில் மாசுபட்ட நிலங்களை நிர்வகிப்பதற்கான விதிகளை மத்திய அரசு அறிவித்தது. நாடு முழுக்க 103 மாசுபட்ட இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தும் சுத்தப்படுத்தும் வேலை ஏழே ஏழு இடங்களில்தான் தொடங்கியிருந்தது. இனிமேல் மாவட்ட நிர்வாகம் அரையாண்டுக்கு ஒரு முறை சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதல்கட்ட மதிப்பீடும், அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வும் முடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் கெட்டுப்போன பிறகு விழித்துக்கொள்ளும் ஏற்பாடு. சந்தேகம் என்று ஒன்று கிளம்ப வேண்டுமானால், முன்பு இந்த மண் எப்படி இருந்தது என்று யாராவது சொல்ல வேண்டுமல்லவா?

சொல்ல ஆளில்லை என்பதே நம் குறை. வருசநாட்டுச் சாலையில் நாளைக்கு ஒரு புதுப் பங்க் வருகிறது என்றால், டேங்குக்குக் குழி தோண்டிய அன்று அடியிலும் பக்கத்திலும் ஆறேழு மாதிரி எடுப்பது ஒரு பிற்பகல் வேலை. ஏற்கெனவே பொக்லைன் நிற்கிறது, குழி திறந்திருக்கிறது. அன்றைக்கே பக்கத்துப் போரிலும் ஆற்று உறைகிணற்றிலும் தண்ணீர் எடுத்து, வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு ஒரு முறை, சித்திரை வெயிலில் ஒரு முறை என்று அதைத் தொடர்ந்தால் ஒரு சரித்திரம் சேர்ந்துவிடும். மணலைக் கொட்டி டேங்கை மூடிவிட்டால் அந்த மண்ணைப் பார்க்கும் அடுத்த சந்தர்ப்பம் டேங்கைத் தோண்டி எடுக்கும் நாள்தான். அதற்கு இருபது முப்பது வருசமாகும்.

அந்த இருபது முப்பது வருசம் பெரும்பாலும் குத்தகைக் காலமாக இருக்கும். ரோட்டடியில் நிலம் உள்ள சம்சாரி எண்ணெய் நிறுவனத்துக்கு நீண்டகால வாடகைக்கு விடுகிறார். மாத வாடகை நல்ல தொகை, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தவணை முடிந்ததும் இடம் அவருடைய பிள்ளைகளிடம் திரும்பி வரும், உள்ளே இருப்பதோடு சேர்த்து. ஒப்பந்தப் பத்திரத்தில் வாடகை எத்தனை வருசத்துக்கு ஒரு முறை கூடும் என்று இருக்கும், வரியை யார் கட்டுவது என்று இருக்கும், கட்டடத்தை யார் இடித்துக்கொண்டு போவது என்றுகூட இருக்கும். மண்ணையும் தண்ணீரையும் தொடக்கத்தில் சோதித்து அறிக்கையின் ஒரு படியைப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும், திருப்பித் தரும்போது அதே இடங்களில், அதே ஆழத்தில், அதே முறையில் மறுபடி சோதிக்க வேண்டும், கூடியிருந்தால் சுத்தம் செய்து தருவது குத்தகைதாரர் பொறுப்பு என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லலாம். செலவு அவர்களுக்கு ஒரு லாரி டீசலின் விலையில் சிறு பங்குதான் ஆகும். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முன்பே கேட்டுவிட வேண்டும். கையெழுத்து விழுந்த பிறகு கேட்டால் முகவரைப் பாருங்கள் என்பார்கள், முகவர் நிறுவனத்தைப் பாருங்கள் என்பார்.